மாவுக்கும் சேர்த்து ஜெயில்

கேள்வி: போதைச் சரக்கு தயாரிப்பவர்கள் அதில் மாவைக் கலந்தால் தண்டனை குறையுமாமே?

பதில்: 2008-ல் குறைந்தது. சுத்தச் சரக்கின் எடை மட்டுமே கணக்கு என்றது உச்ச நீதிமன்றம். 2020-ல் ஹீரா சிங் வழக்கில் அதே நீதிமன்றம், கலந்ததையும் சேர்த்தே நிறுக்கச் சொல்லிவிட்டது. ஹெராயின் கலவை 250 கிராமைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல், 1 லட்சம் அபராதம். இந்த நாட்டில் கலப்படத்துக்கு இவ்வளவு கறாரான தண்டனை வேறெந்த வியாபாரத்தில் உண்டு, சொல்லுங்கள்!

தண்டனையில் இல்லாவிட்டாலும், போலீஸ் சோதனையில் கொஞ்சம் சலுகை உண்டு. மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை இருப்பதை, போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி போலீஸ் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கே ஆட்டம் காணும். ஆனால் அந்த மரியாதை ஆளின் உடம்புக்குத்தான். அவர் தோளில் தொங்கும் பைக்குக் கிடையாது.