கேட்-3 மாமா

டிசம்பர் பாதியில் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரை, டெல்லியிலிருந்து சென்னைக்கு விடிகாலை விமானம் பிடிக்கிறவர்கள் யாரும் இவரிடமிருந்து தப்ப முடியாது. போர்டிங் கேட் அருகே அத்தனை பேரும் தலையைத் தூக்கி மின்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒருவர் மட்டும் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது. பனிமூட்டத்தில் விமானம், ஏணி, பஸ் எல்லாம் காணாமல் போயிருக்கும். அந்த ஒன்றுமில்லாததைத்தான் மாமா படித்துக்கொண்டிருப்பார்.

வயது எழுபதுக்குச் சற்று முன்பின். தலையில் குரங்குக் குல்லா, அதற்கு மேல் மஃப்ளர், அரைக்கை ஸ்வெட்டர், அதன்மேல் கல்யாணத்தில் தைத்ததோ என்று சந்தேகப்பட வைக்கும் கோட்டு, கம்பளி சாக்ஸ் மாட்டிய காலில் செருப்பு. ஏதோ ஒரு மத்திய அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றிருப்பார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பாதி ஆயுள், மயூர் விஹார் சொசைட்டி ஃபிளாட்டில் மீதி ஆயுள். மார்கழி சீசனுக்காகச் சென்னை போகிறார். கச்சேரிக்கு என்று அவர் சொல்வார். சபா கேன்டீனுக்கு என்று மாமி சொல்வார்.

தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதில் எலுமிச்சை சாதப் பொட்டலம், பிளாஸ்கில் காபி, ரத்த அழுத்த மாத்திரை, இவற்றோடு நாலு பிளக் கொண்ட ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். விமான நிலையத் தூணில் இருக்கும் ஒரே சாக்கெட்டில் அதைச் செருகி, நாலு பேருக்குச் சார்ஜ் கொடுத்துவிடுவார். அப்புறம் அந்த நாலு பேரும் எங்கே எழுந்து போக முடியும்? உபந்நியாசம் தொடங்கிவிடும்.

"சார், சென்னை ஃப்ளைட் எப்பங்க எடுப்பாங்க?" என்று பக்கத்து இருக்கை அம்மாள் கேட்பார். போர்டில் 6.40 என்பது 7.10 ஆகியிருக்கும்.

"ஏழு பத்தா? அதெல்லாம் போர்டு சொல்றது. ஒன்பதரைக்கு முன்னாடி நீங்க பெல்ட்டே போட வேண்டாம்."

"அப்படியா? கவுண்டர்ல இருக்கற பொண்ணு அரை மணி நேரம்னுதானே சொல்லுச்சு?"

"அந்தக் குழந்தை என்ன பண்ணும் பாவம், அவாளுக்குச் சொல்லிக் கொடுத்தது அரை மணிதான். அரை அரையா மூணு மணி நேரம் சொல்லுவா. ஏர்போர்ட்ல இப்போ கேட்-3 நடந்துண்டிருக்கு."

"கேட் 3-ஆ? நமக்குக் கேட் 41-ன்னு போட்டிருக்கே?" அம்மாள் பதறிப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். மாமா அவரை உட்கார வைத்து விளக்கத் தொடங்குவார். எனக்குத் தெரிந்து ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் இப்படி எழுந்திருக்கிறார். மாமாவும் ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார். வேண்டுமென்றே சொல்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கேட்-3 என்பது பார்வைத்தூரம் மிகவும் குறைந்த நேரத்தில் கருவிகளை நம்பி விமானத்தை இறக்கும் ஏற்பாட்டின் பெயர். சாதாரண கருவி வழி இறக்கத்துக்கு ஓடுபாதையில் 550 மீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். டெல்லியில் இருக்கும் கேட்-3பி வசதிக்கு 50 மீட்டர் போதும். ஆனால் ஓடுபாதைக்கு மட்டும் வசதி இருந்தால் போதாது. விமானத்திலும் அந்தக் கருவிகள் வேண்டும், ஓட்டுகிறவருக்கும் தனிப் பயிற்சி வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விமானத்தை ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பிவிட வேண்டியதுதான்.

இதோடு விட்டால் அவர் மாமா இல்லை. "இறங்க 50 மீட்டர் போதும். ஏறணும்னா 125 மீட்டர் வேணும். ஏன் சொல்லுங்கோ?" என்று சுற்றியிருக்கிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார். யாருக்கும் தெரியாது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், ஏறும்போது பெட்ரோல் நிறைய இருக்கும், அதனால் என்பான். மாமா அவனைக் கருணையோடு பார்ப்பார்.

"இறங்கறது மெஷின்டா கண்ணா. ஏறறது மனுஷன். கம்ப்யூட்டருக்குக் கண் வேண்டாம், பைலட்டுக்கு வேணுமோல்லியோ?"

உள்ளதைச் சொன்னால், பனிமூட்டத்தில் விமானம் வந்து இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு, நம் விமானம் மட்டும் ஏன் கிளம்பவில்லை என்று கொதிக்கிற கூட்டத்துக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் கேட்டதில்லை. எந்தக் கவுண்டரிலும் இதை யாரும் சொல்வதில்லை.

மாமாவின் வானிலை அறிவும் லேசுப்பட்டதல்ல. "நேத்திக்கு முந்தாநாள் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் வந்து தூத்தல் போட்டதா? தரை ஈரம். நேத்து ராத்திரி வானம் வெளுத்துடுத்து, காத்து சுத்தமா இல்லை. முடிஞ்சுது கதை" என்பார். கதை உண்மையிலேயே அவ்வளவுதான். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. ஈரக்காற்று அதன்மேல் படிந்து பனிமூட்டமாகிறது. டெல்லியின் புகையும் தூசும் துளிகள் உருவாகத் தாராளமாக இடம் கொடுக்கின்றன. வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும். 2015-16 குளிர்காலம் முதல் புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இதே விமான நிலையத்தில் கருவிகளை வைத்துப் பனிமூட்டத்தை ஆராய்ந்து வருகிறது. மாமா அதற்கு முன்பிருந்தே ஆராய்கிறார் என்பதும், அவருக்கு அரசு மானியம் ஏதும் கிடையாது என்பதும் வரலாற்றில் பதிவாகவில்லை.

அவருடைய ஆயுதம் கைப்பேசி. விமானங்கள் வரைபடத்தில் மஞ்சள் பூச்சியாக நகரும் ஃபிளைட்ரேடார்24 அதில் எப்போதும் திறந்தே இருக்கும். நாம் நம் விமானம் எப்போது கிளம்பும் என்று பார்ப்போம். மாமா, நம் விமானமாக ஆகப்போகிற விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். "போர்டு 7.40-ங்கறது. நம்ம விமானம் இன்னும் பாட்னாவை விட்டே கிளம்பலை. அங்கேயும் கோஹ்ரா. என்ன, நாம நடந்தா போறது?" விமானம் ஒன்றுக்கு ஒரு நாளில் நாலைந்து நடை. டெல்லியில் காலையில் விழுந்த மூன்று மணி நேரம், சாயங்காலம் கோவையிலும் மதுரையிலும் நீலவானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் தலையிலும் விடியும். அதற்குள் பைலட்டின் பணி நேரம் முடிந்துவிட்டால் இன்னொருவர் வர வேண்டும். "பனி கலைஞ்சுடுத்தேன்னு சந்தோஷப்படாதீங்கோ. க்ரூ இருக்காளான்னு பாருங்கோ" என்பது மாமாவின் இரண்டாம் பாடம்.

மூன்றாம் பாடம் சாப்பாடு. அமைச்சகத்தில் கோப்பு பார்த்த கை அல்லவா, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி அவருக்கு மனப்பாடம். செக்‌ஷன் 3, சீரீஸ் எம், பார்ட் 4. நேரத்துக்கு வந்து செக்-இன் செய்தவர்களுக்குத் தாமதமானால் விமான நிறுவனம் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஆனால் எவ்வளவு தாமதமானால்? இரண்டரை மணி நேரத்துக்குள் முடிகிற பயணமென்றால் 2 மணி நேரத் தாமதம். அதற்கு மேல் 5 மணி நேரம் வரையான பயணமென்றால் 3 மணி நேரத் தாமதம். மும்பை முதல் வகை. சென்னை இரண்டாம் வகை.

இதன் கொடுமையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டிய இரண்டு விமானங்கள், பக்கத்துப் பக்கத்து கேட். இரண்டு மணி நேரம் ஆனதும் மும்பைக்காரர்களுக்குச் சாண்ட்விச் வந்துவிடுகிறது. தமிழர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய பிராந்தியப் பாரபட்சம் உண்டா என்று ஒரு பெரியவர் குரலை உயர்த்தத் தொடங்குவார். மாமா கையமர்த்துவார். "தூரம் ஜாஸ்தி, அதனால பசிக்கிற நேரமும் ஜாஸ்தின்னு டெல்லியில முடிவு பண்ணியிருக்கா. இன்னும் ஐம்பது நிமிஷம் பொறுங்கோ." சரியாக ஐம்பதாவது நிமிஷம் எழுந்து கவுண்டருக்குப் போவார். கோபம் இருக்காது, குரல் உயராது. அமைச்சகத்து இந்தியில், "பேட்டா, சீரீஸ் எம், பார்ட் ஃபோர்" என்று மட்டும் சொல்வார். பத்து நிமிஷத்தில் தள்ளுவண்டியில் அட்டைப் பெட்டிகள் வந்துவிடும். உள்ளே காய்ந்த சாண்ட்விச்சும் சின்ன ஜூஸ் டப்பாவும். மாமா அதைத் தொடமாட்டார். அவருக்கு எலுமிச்சை சாதம் இருக்கிறது. உரிமை வேறு, ருசி வேறு.

கவுண்டரில் கத்துகிறவர்களை மாமாவுக்குப் பிடிக்காது. 2024 ஜனவரியில் கோவாவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டு, பயணிகள் விமானத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட படம் ஊரெல்லாம் சுற்றியது. அதே நாட்களில்தான் தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த விமானியை ஒரு பயணி பாய்ந்து அடித்தார். அதற்கப்புறம்தான், 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ரத்து செய்துவிடலாம் என்று இயக்குநரகம் சொன்னது. "அடிச்சவன் சென்னைக்கும் போகலை, கோவாவுக்கும் போகலை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்" என்பார் மாமா.

ஊருக்கு உபகாரமான புத்திமதிகளும் அவரிடம் உண்டு. நானே குறித்து வைத்திருக்கிறேன். அவசரப்பட்டு நீங்களே டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். செய்தால் கட்டணம் பிடிப்பார்கள். நிறுவனம் ரத்து செய்தால், அல்லது தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டினால், வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரவு 8 முதல் 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்க ஓட்டலும் கேட்கலாம். பனிமூட்டத்துக்காக நஷ்டஈடு மட்டும் கேட்காதீர்கள். அது கடவுள் கணக்கில் போய்விடும். சென்னையில் இறங்கி வேறு நிறுவனத்தின் விமானத்தில் தூத்துக்குடி போவதென்றால் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுக்காதீர்கள். முதலாவது தாமதமானால் இரண்டாமவன் உங்களை யாரென்றே தெரியாது என்பான்.

இவ்வளவு நல்லவரிடம் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அவர் சொன்ன நேரம் தப்பிப்போனால் ஒப்புக்கொள்ளமாட்டார். ஒன்பதரை என்றது பத்தே கால் ஆனால், "ஒன்பதரைக்கு முன்னாடி இல்லைன்னுதானே சொன்னேன்?" என்பார். விதிப்படி அது சரிதான்.

பனியில்லாத நாளில் அவரைப் பார்க்கச் சகிக்காது. வானம் பளிச்சென்று இருக்கும். தொலைவில் ஓடுபாதை விளக்குகள் எண்ணிவிடலாம் போலத் தெரியும். போர்டில் குறித்த நேரம் என்று பச்சை எழுத்து. யாரும் அவரை எதுவும் கேட்கமாட்டார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து, பார்த்து, மறுபடி பைக்குள் வைப்பார். பக்கத்தில் யாராவது தமிழில் பேசினால் நைசாக, "பாட்னாவில என்ன நிலவரமோ" என்று ஆரம்பித்துப் பார்ப்பார். எடுபடாது. வரிசையில் கடைசி ஆளாகப் போய் ஏறுவார்.

மாமி இரண்டு வரிசை தள்ளித்தான் எப்போதும் உட்கார்வார். இவரைத் தெரியாதவர்போல சுடோகு போடுவார். ஒருமுறை, மாமாவின் கேட்-3 விளக்கத்தை நான் வியந்து சொன்னபோது மாமி பேனாவை மூடினார்.

"இத்தனை தெரிஞ்ச மனுஷர், வருஷா வருஷம் எதுக்குக் கார்த்தாலே 6.40 ஃப்ளைட்டா பார்த்துப் போடறார்னு கேட்டேளோ? ரெண்டு மணி ஃப்ளைட்டுக்கு ஆயிரத்து இருநூறு ரூபா ஜாஸ்தியாம்."

நான் கேட்கவில்லை. கேட்டாலும் சீரீஸ் எம்மில் இதற்கு ஏதாவது உட்பிரிவு வைத்திருப்பார்.

மாமா சொல்கிற எதுவும் ரகசியம் இல்லை. வருகிற விமானம் எங்கே நிற்கிறது, விமானி யார், ஓடுபாதையில் எத்தனை மீட்டர் தெரிகிறது என்பதெல்லாம் விமான நிறுவனங்களுக்கு அவரைவிட நன்றாகவே தெரியும். அரை அரை மணியாகத் தள்ளாமல், உள்ளதை இரண்டு வரியில் போர்டில் போட்டால் ஜனங்கள் பாட்டுக்குத் தூங்குவார்கள். மாமாவுக்கு வேலை போய்விடும். அவர் வேலை போகாது என்று நான் நம்புகிறேன். ஆகவே, டிசம்பர் கடைசியிலோ பொங்கலுக்கோ டெல்லியிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் மதியம் ஒரு மணிக்கு மேல் கிளம்புகிற விமானமாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.