கலங்கரை விளக்கத்துக்கு ஒரு டிக்கெட்

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் பொதுப் பொருளாதார செமினார் எங்களுக்கு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. ஹாஸ்டல் மெஸ்ஸில் வியாழன் என்றால் வத்தக்குழம்பு, அப்பளம். அதைச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், ஆடம் ஸ்மித்தே எழுந்து வந்து பாடம் எடுத்தாலும் கண் சொக்கும்.

முதல் வாரத்துக்கு பால் சாமுவேல்சனின் 1954ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் பேராசிரியர். மொத்தமே மூன்று பக்கம். முப்பது பக்கமாக இருந்திருந்தால் பயந்தாவது படித்திருப்போம். மூன்றுதானே என்று வகுப்பில் ஒன்பது பேரும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டோம். படம் பிடித்ததே பாதி படித்தமாதிரி இருந்தது.

“யாராவது ஆரம்பிங்க” என்றார் சார். மின்விசிறி மட்டும் கடகடவென்று ஆரம்பித்தது. நான் பக்கத்தில் இருந்த திருநெல்வேலிக்காரனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். விஷயம் அப்போதுதான் விளங்கியது: ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேரை நம்பியிருக்கிறோம்.

சார் கோபப்படவில்லை. சாக்பீஸை எடுத்தார். “ஒருத்தர் அனுபவிச்சா இன்னொருத்தருக்குக் குறையாது, காசு கொடுக்காதவரைத் தடுக்கவும் முடியாது. அதுதான் பொதுப்பண்டம். இந்த வகுப்புல கட்டுரையைப் படிச்சு விளக்குறதும் அப்படித்தான். ஒருத்தர் செஞ்சா எல்லாருக்கும் லாபம். அதனால யாரும் செய்யலை. சாமுவேல்சன் மூணு பக்கத்துல சொன்னதை நீங்க மூணு நிமிஷத்துல நிரூபிச்சிட்டீங்க.”

இப்படிப்பட்டவர்களைப் பாடப்புத்தகம் ‘இலவசப் பயணி’ என்கிறது. நம் ஊரில் ஓசி. கம்பெனி ஆட்சியில் தபால்தலை இல்லாமல் போன ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ கடிதங்களிலிருந்து வந்த சொல் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பொருத்தமான கதை.

அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு கட்டுரை. எனக்கு வாய்த்தது ரொனால்ட் கோஸ் 1974இல் கலங்கரை விளக்கம் பற்றி எழுதியது. ஜான் ஸ்டூவர்ட் மில் தொடங்கி சாமுவேல்சன் வரை, அரசு மட்டுமே நடத்தக்கூடியதற்கு உதாரணம் கேட்டால் பெரியவர்கள் கலங்கரை விளக்கத்தைக் காட்டினார்கள். கோஸ் பழைய ஆவணங்களைப் புரட்டினார். இங்கிலாந்தில் தனியாரும் விளக்குக் கட்டி நடத்தியிருக்கிறார்கள். கட்டணத்தைத் துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் வாங்கியிருக்கிறார்கள். அந்த உரிமையைக் கொடுத்தது அரசுதான் என்பது வேறு வழக்கு.

பெரியவர்கள் செய்யாததை நான் செய்வதாக முடிவெடுத்தேன். கள ஆய்வு! மெரினா கலங்கரை விளக்கத்துக்குப் போனேன். திங்கட்கிழமை, விடுமுறை. மறுநாளும் போய், டிக்கெட் வாங்கி, மேலே ஏறி, கடலைப் பார்த்து, செல்ஃபி எடுத்து, சுண்டல் சாப்பிட்டுத் திரும்பினேன்.

வியாழக்கிழமை அந்த டிக்கெட்டை உயர்த்திக் காட்டி, “கலங்கரை விளக்கத்துக்குக் கட்டணம் வசூலிக்க முடியாது என்றவர்களுக்கு இதோ பதில்” என்று ஆரம்பித்தேன். வகுப்பு அசந்துபோனது.

“எத்தனை மணிக்குப் போனே தம்பி?”

“சாயங்காலம் நாலு மணி சார்.”

“விளக்கு எரிஞ்சுதா?”

எரியவில்லை.

“அப்ப நீ காசு கொடுத்தது வெளிச்சத்துக்கு இல்லை, வேடிக்கைக்கு. சினிமா டிக்கெட் மாதிரி. வெளிச்சத்துக்கான காசை இன்னிக்கும் துறைமுகத்துல கப்பல்கிட்டதான் வாங்குறாங்க. கோஸ் அதைத்தானே சொல்றார்? கட்டுரையைப் படிச்சியா?”

பாதி படித்திருந்தேன். அன்றிரவு உட்கார்ந்து மீதியையும் படித்துப் பதினாறு பக்கம் குறிப்பெடுத்தேன். ரோஷம்தான் காரணம்.

தேர்வுக்கு முந்தைய நாள் அந்தக் குறிப்பு எட்டுப் பேருக்கும் தேவைப்பட்டது. ஜெராக்ஸ் கடையில் சில்லறை இல்லை என்று நானே கொடுத்தேன். பக்கம் ஒரு ரூபாய், ஆளுக்குப் பதினாறு, மொத்தம் 128 ரூபாய். அந்த எட்டுப் பேரில் ஒருவர் இப்போது வரி வசூலிக்கும் உத்தியோகத்தில் இருக்கிறார். அவர் இதைப் படிக்க நேர்ந்தால்: என் ஜிபே நம்பர் மாறவில்லை சார்.