ஆமைக்கு மண் பார்க்கும் படலம்

ஏ பேராண்டி, வாட்சப்புல நீ அனுப்புன படத்தைப் பாத்தேன். ஆமை அம்சமாத்தான் இருக்கு. பக்கத்துல அடுக்கி வச்சிருக்கியே பத்துப் பை மண்ணு, அதைத்தான் உங்க ஆச்சியக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சேன். மண்ணைக் காசு குடுத்து வாங்கணும்னுதான் தாம்பரத்துல போய்க் குடியேறுனியா?

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு ஒரு சொலவடை உண்டு. நீ படிச்சவன், அதுக்கெல்லாம் பயப்பட மாட்டே. ஆனா நம்ம ஊரு நட்சத்திர ஆமையைக் கொண்டாந்து வளத்தேன்னு வையி, 1972-ம் வருசத்து வனவிலங்குச் சட்டப்படி ஆமைக்குப் பின்னாலயே அமீனாவும் வந்திருவாரு. உன்னுது ஆப்பிரிக்காவுச் சல்காட்டாங்கிறே. அதையும் அரசாங்கத்துப் பரிவேஷ் தளத்துல பதியணுமாம்லன்னு கேட்டா மட்டும் உனக்குச் சிக்னல் கிடைக்கிறதில்ல. அதை உங்கப்பன் கேட்டுக்கிடட்டும், நான் மண்ணுக்கு வாரேன்.

பையில பச்சை எழுத்துல ‘ஆர்கானிக்’னு போட்டிருக்கான், சரி. யாருக்குப் போட்டிருக்கான்? செடிக்கு. செடி மண்ணுல நிக்கும்; ஆமை மண்ணைத் திங்கும். வெள்ளை வெள்ளையாக் கிடக்கே பெர்லைட்டு, அதை ஒண்ணொண்ணா வாயில போட்டுப் பாக்கும். நிறையப் போனா குடலு அடைச்சுக்கிடும். கலர் கலரா உர உருண்டை, எலும்புத்தூளு, புண்ணாக்கு எல்லாம் ரோசாவுக்கு விருந்து. உன் ஆமைக்கு ஆகாது.

அப்ப வீட்டு மண்ணே போதுமேன்னு துள்ளாதே. புது வீட்டுக்குக் கரையான் மருந்து அடிச்சு, பத்து வருச கேரண்டின்னு ஊருக்கே சொன்னவன் நீ. பத்து வருசம் கரையான் அண்டாத மண்ணுல ஆமை மட்டும் ஆயுசோட இருக்குமாக்கும்? செவுத்தை விட்டுத் தள்ளி வா. தள்ளி வந்தாலும் அங்க கொட்டி நிரவுனது பழைய வீட்டு இடிசலு. பெயிண்டுச் சக்கை, ஆணி, டைல்சுத் துண்டு. பளபளன்னு எது கிடந்தாலும் ஆமை கடிச்சுப் பாக்கும்.

வெளிய மண்ணு எடுத்தா மாப்பிள்ளைக்கு விசாரிக்கிற மாதிரி விசாரி. பேரைக் கேக்காதே, பூர்வீகத்தைக் கேளு. எந்தத் தோட்டம், என்ன வெள்ளாமை, என்ன மருந்து? வாழைத் தோட்டத்து மண்ணுன்னா குருணை மருந்து போட்டிருப்பாங்க. பருத்திக்காட்டுக்கு அடிக்காத மருந்து கிடையாது. சும்மா கிடக்கிற தரிசுல அருகம்புல்லு தானா முளைச்சிருந்தா அதுல எடு. புல்லும் அதுக்குத் தீனிதான்.

லாரிக்காரன் ஆத்து மணல்னு சொல்லி எம்-சாண்டக் கொட்டுவான். அது கருங்கல்லை நொறுக்குனது, ஓரமெல்லாம் கூரா இருக்கும். நிசமான ஆத்து மணலே ஆனாலும் வெறும் மணலு வேண்டாம். இரையோட சேந்து உள்ள போய்க் கட்டிக்கிடும், வளை தோண்டுனா சரிஞ்சு மூடிக்கிடும். நம்ம கரிசலைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனா கோடையில பாளம் பாளமா வெடிக்கும், ஐப்பசியில சகதி. சகதியிலயே கிடந்தா ஓடு அழுகிப்போகும். செம்மண்ணுல கொஞ்சம் மணலு கலந்துக்கோ, அம்புட்டுத்தான்.

நம்பிக்கை இல்லையா? ஹார்லிக்ஸ் பாட்டில்ல பாதி மண்ணும் மீதிக்குத் தண்ணியும் விட்டுக் குலுக்கி வையி. மணலு உடனே அடியில உக்காரும். களி மறுநாள் வரைக்கும் கலங்கிக்கிட்டே கிடக்கும். எது எம்புட்டுன்னு கண்ணால பாத்துக்கிடலாம். ஆமையை அடைக்கிற இடத்துல ஒரு அடிக் குழி வெட்டித் தண்ணி ஊத்து. மறுநாளும் நின்னுச்சுன்னா ஆமையை விட்டுட்டு அங்க விரால் வளரு.

இப்ப ஒரு சாண் இருக்கிற ஆமை பின்னால 40, 50 கிலோ ஆகும். அதோட சொந்த ஊரு சகாராவுக்குத் தெக்க, வெயிலுக்குப் பயந்து மூணு மீட்டரு வளை தோண்டுற சாதி. வேலியை ரெண்டடியாவது மண்ணுக்குள்ள இறக்கு. இல்லேன்னா பக்கத்து வீட்டுக்காரரு கத்திரிச்செடிக்கு நீதான் பதில் சொல்லணும்.

தீனியைத் தரையில வீசாதே. சமையக்கட்டுல மிஞ்சுன கடப்பாக்கல்லு ஒண்ணைப் போட்டு அதுமேல வையி, வாயில மண்ணு போறது குறையும். கல்லைத் தினம் கழுவணும். அந்த வேலையப் பொண்டாட்டி தலையில கட்டாம நீயே செய்யி. சாப்பிட்ட தட்டை நீ கழுவுறியான்னு நான் இன்னும் கேக்கவே இல்ல.