குக் போகாத குக் தீவு

வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர்களில் பாதி, கொள்ளுத்தாத்தாவுக்கு முப்பாட்டன் பார்த்த வேலை. அந்தக் கணக்கில் ஏதோ ஒரு பிரபு வீட்டு அடுப்படியில் கரண்டி பிடித்த புண்ணியவானின் குக் என்ற பெயர் இன்று மலையிலும் தீவிலும் மரத்திலும் டூர் கம்பெனியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் ஒரே வம்சம் இல்லை, பெயர்தான் ஒன்று. ஆனால் பேர் வாங்கிய குக் ஒருவர்கூட வீட்டோடு கிடந்து உலை வைக்கவில்லை.

மூத்தவர் கேப்டன் ஜேம்ஸ் குக், யார்க்‌ஷயர் பண்ணைக் கூலியின் மகன். 1768இல் ‘எண்டெவர்’ கப்பலில் கிளம்பியபோது அவருடைய பெரிய எதிரி புயல் அல்ல, ஈறு வீங்கிப் பல் ஆட்டம் காணும் ஸ்கர்வி நோய். அதற்கு மருந்தாகப் புளிக்கவைத்த முட்டைக்கோஸைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றியிருந்தார். மாலுமிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மதீராத் தீவில் மாட்டிறைச்சி வேண்டாமென்று சொன்ன இருவருக்கு ஆளுக்குப் 12 சவுக்கடி கொடுத்த மனிதர், கோஸ் விஷயத்தில் மட்டும் மாமியார் புத்தியைக் காட்டினார். தினமும் அதிகாரிகளின் மேஜையில் பரிமாறுங்கள், மாலுமிகளுக்கு இஷ்டமிருந்தால் போடுங்கள் என்றார். அவ்வளவுதான், “அதென்ன, துரைமாருக்கு மட்டும்?” என்ற வயிற்றெரிச்சல் வேலை செய்தது. ஒரு வாரத்துக்குள் கோஸுக்கு ரேஷன் வைக்க வேண்டியதாயிற்று.

போகிற இடத்துக்கெல்லாம் மேலிடத்தார் பெயரை வைப்பது அவர் வழக்கம். ஹவாய்க்குக் கடற்படைத் தலைவர் சாண்ட்விச் பிரபுவின் பெயரைச் சூட்டினார். குக்கின் பெயரை அடுத்தவர்கள்தான் அள்ளி இறைத்தார்கள், அவர் எங்கே போனார், எங்கே போகவில்லை என்று விசாரிக்காமல். குக் நீரிணை நியாயம், அதன் வழியாகக் கப்பல் ஓட்டினார். குக்டவுனும் நியாயம், பவளப் பாறையில் இடித்து ஓட்டையான கப்பலை அங்கேதான் பழுது பார்த்தார். ஆனால் நியூசிலாந்தின் மிக உயர்ந்த மலைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? 1770இல் அந்தக் கரையோரமாகப் போனவர் சிகரத்தைப் பார்த்ததாகக் குறிப்பே இல்லை. 1851இல் ஸ்டோக்ஸ் என்ற இன்னொரு கேப்டன், ஆவொராகி என்று மாவோரிகள் அழைத்துவந்த மலைக்கு மவுண்ட் குக் என்று நாமகரணம் செய்தார். 1991இல் உச்சியே சரிந்து விழுந்து மலை குட்டையானது. பாரம் தாங்கவில்லை போலிருக்கிறது. குக் தீவுகளின் தலைநகர் இருக்கும் ரரோட்டோங்காவையும் அவர் கண்ணால் கண்டதில்லை. தீவுக்கூட்டத்துக்கு அவர் பெயரைப் போட்டது ரஷ்யர்களின் வரைபடம்.

1779 பிப்ரவரி 14 அன்று, தன் படகொன்றைத் திருடிவிட்டார்கள் என்று ஹவாய் ராஜாவையே பணயமாகப் பிடித்துவரக் கரையேறினார். ஜனங்கள் அடித்துக் கொன்றார்கள். எலும்பைத் தனியே எடுப்பதற்காக உடலை அடுப்பிலிட்டார்கள். அது தலைவர்களுக்கு மட்டும் செய்யும் மரியாதை. தின்றுவிட்டார்கள் என்று பிற்காலத்தில் பரவியது பச்சைப் பொய்.

செத்த பிறகும் விடவில்லை. 1933இல் இங்கிலாந்தில் அவருடைய பெற்றோரின் வீடு விலைக்கு வந்தது. இங்கிலாந்துக்கு வெளியே போகக் கூடாது என்று விற்ற அம்மாள் கண்டிஷன் போட்டார். இங்கிலாந்து என்பதைச் சாம்ராஜ்யம் என்று வைத்துக்கொள்வோமே என்று பேசிச் சரிக்கட்டினார்கள். 800 பவுண்டு கொடுத்து, செங்கல் செங்கலாகப் பிரித்து, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்து, சுவரில் படர்ந்த கொடியிலும் ஒரு துண்டை நறுக்கிக்கொண்டு மெல்போர்னுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். வாசல் நிலையில் 1755 என்று இருக்கிறது. மகன் அப்போதே 27 வயதுக் கடலோடி. அந்த வீட்டில் குடியிருந்ததற்கு ஆதாரமில்லை. வந்திருந்தால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

ஆஸ்திரேலிய மெல்போர்னுக்குப் பெயர் கொடுத்தவர் மெல்போர்ன் பிரபு. அவர் பட்டத்துக்குப் பெயர் கொடுத்தது டெர்பிஷயரிலுள்ள மெல்போர்ன் என்ற சிற்றூர். அங்கே 1808இல் பிறந்தவர்தான் நம் அடுத்த கதாநாயகன் தாமஸ் குக். உலகத்தைச் சுற்றிய குக்கின் வீடு ஒரு மெல்போர்னில் வந்து உட்கார, ஜனங்களை உலகம் சுற்ற வைத்த குக் இன்னொரு மெல்போர்னில் முளைத்திருக்கிறார். எழுத்தாளன் எவனாவது இப்படிக் கற்பனை செய்தால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

தாமஸ் குக்குக்கு உல்லாசத்தில் ஆர்வமே இல்லை, மதுவிலக்கில்தான் வெறி. 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிப்போனார். அந்தச் சொட்டுக் கள் கலக்காத பயணத்தில் முளைத்த தொழில்தான் பின்னாளில் ஸ்பெயின் கடற்கரைக்குக் கூட்டம் கூட்டமாகக் கூட்டிப்போய் இறக்கியது. அங்கே யாரும் மோர் குடிக்கவில்லை. நடுவில் பிரிட்டிஷ் இந்திய அரசு ஹஜ் யாத்திரீகர்களை ஏற்றி இறக்கும் வேலையைக்கூட இவர்கள் கம்பெனியிடம் ஒப்படைத்தது. கார்ட்டூமில் சிக்கிய ஜெனரல் கார்டனை மீட்கக் கிளம்பிய படையை நைல் நதியில் ஏற்றிப்போனதும் இவர்களே. படை போய்ச் சேர்ந்தபோது கார்டன் செத்து இரண்டு நாள். 2019இல் கம்பெனி திவாலாகி, ஊர் ஊராகத் தவித்து நின்ற ஒன்றரை லட்சம் பேரைப் பிரிட்டிஷ் அரசே விமானம் பிடித்து வீடு சேர்த்தது. இந்தியாவிலுள்ள தாமஸ் குக் எப்போதோ தனிக்குடித்தனம் போயிருந்ததால் பிழைத்தது.

மூன்றாமவர் அமெரிக்க டாக்டர் ஃபிரெடரிக் குக். ஜெர்மன் அப்பாவின் கோக் என்ற பெயர் குக் ஆனதால் கூட்டத்தில் சேர்ந்தவர். அண்டார்டிக் பனியில் ‘பெல்ஜிகா’ கப்பல் சிக்கியபோது, பென்குயின் கறியையும் சீல் கறியையும் தின்ன வைத்து ஸ்கர்வியிலிருந்து பலரைக் காப்பாற்றினார். மூத்த குக்கின் அதே சாதுரியம். அதோடு நிறுத்தியிருந்தால் சிலை வைத்திருப்பார்கள். 1906இல் மெக்கின்லி மலை உச்சியைத் தொட்டதாகச் சொல்லி, பிறகு படமும் வெளியிட்டார். தேடிப் போனவர்களுக்குப் பல மைல் தள்ளி ஒரு சின்னக் குன்றில் அதே பாறை கிடைத்தது. குன்றுக்குப் பொய்ச் சிகரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாருங்கள், நிஜமாக ஏறிய ஒன்றுக்கு அவர் பெயர் இல்லை! 1908இல் வட துருவத்தை எட்டியதாகச் சொன்னதும் எடுபடவில்லை. கடைசியில் எண்ணெய்ப் பங்கு மோசடியில் சிறை.

கிரிக்கெட்டில் கேப்டன் குக் இரண்டாம் முறை வந்தார். இங்கிலாந்தின் அலஸ்டர் குக் 2006இல் நாக்பூரில் அவசர ஆளாக வந்திறங்கி முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். 2018இல் ஓவலில் நம்மையே கடைசியாகவும் வெளுத்துவிட்டு 12,472 ரன்னோடு விடைபெற்றார். ஆனால் அந்தக் கேப்டனின் கப்பல் தரைதட்டியது சேப்பாக்கத்தில். 2016 டிசம்பரில் கருண் நாயர் 303 அடிக்க, இந்தியா 759 குவித்தது. கேப்டன் பதவியில் அதுவே அவருக்குக் கடைசி டெஸ்ட்.

மிச்சம் ராபின் குக்குகள். ஒருவர் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். 1997இல் ராணியோடு வந்து, காஷ்மீர் பற்றிய பேச்சால் டெல்லியின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். அதே பயணத்தில் ராணி ‘மருதநாயகம்’ திரைப்படத்தைத் தொடங்கி வைத்தார், அதுவும் கரை சேரவில்லை. இன்னொருவர் ‘கோமா’ எழுதி ஆஸ்பத்திரி என்றாலே நடுங்க வைத்த அமெரிக்க டாக்டர். அவர் புத்தகங்கள் கடைகளை நிறைத்ததில் அடிபட்டவர் மூன்றாவது ராபின் குக், அவருக்கு முன்பிருந்தே அதே பெயரில் எழுதிவந்த லண்டன் நாவலாசிரியர். சண்டைக்குப் போகாமல் டெரக் ரேமண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு துப்பறியும் கதை எழுதினார். அந்தப் பெயர்தான் அவருக்கு நிலைத்தது.