அரசர் பாடிய பிரபு

கேள்வி: ஜெர்மானியப் பிரபுக்களின் குலவரிசையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். திருத்தணியில் அப்படி ஒரு பிரபு உண்டா?

பதில்: உண்டு, நம்பியப்பி. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லவ மன்னர் அபராஜிதவர்மர் காலத்தில், வீரட்டானேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்தவர். கற்றளி எழுப்பச் செல்வம் வேண்டும். அதைத் தூங்கானை மாடமாக வளைத்துக் கட்ட ரசனையும் வேண்டும். இவற்றினும் பெரிய சான்று அங்குள்ள கல்வெட்டு. நற்கலைகள் கற்றவர் என்று அவரைப் புகழும் வெண்பா ஒன்று அதில் இருக்கிறது; பாடியவர் மன்னரே என்று கல்வெட்டே சொல்கிறது. புலவர் பாடுவதும் அரசர் பாடப்படுவதும்தான் நம் வழக்கம். இங்கே செங்கோல் பிடித்த கை எழுத்தாணி பிடித்தது.

மனைவி மக்கள் பெயர் அந்த வெண்பாவில் இல்லையே, பிரபு என்பது எப்படி என்று கேட்கலாம். குலவரிசை ஒருவர் யாருக்குப் பிறந்தார் என்று சொல்லும். என்ன செய்தார் என்று சொல்லாது. அவைப் புலவர் எழுதி மன்னர் பெயரைப் பொறித்திருக்கலாமே என்றும் வாதிடலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், மன்னர் தம் பெயரைத் தர இசைந்த பெருமை நம்பியப்பிக்குத்தான். ஜெர்மானியப் பேரரசர் ஆறாம் ஹென்றியின் பெயரிலும் பாடல்கள் உண்டு. அவை காதல் பாடல்கள். அபராஜிதவர்மர் பாடியது இன்னொருவரின் திருப்பணியை. முருகனைக் காண மலையேறுகிறவர்கள், கீழே ஊரிலுள்ள இந்தக் கற்றளியையும் கண்டு செல்ல வேண்டும்.