தொடாத கையின் கருணை

சொத்து வரி விஷயத்தில் சென்னையை ஆண்டவர்களின் பொறுமைக்கு ஈடே இல்லை. 1998இல் சீரமைத்த வரியை 2018 வரை அவர்கள் தொடவில்லை. ஆட்சிகள் மாறின, இந்த ஒன்றில் மட்டும் கட்சிகளுக்குள் இருந்த ஒற்றுமை மாறவில்லை. இடையில் பால் விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, பழைய மாமல்லபுரம் சாலையோரக் காலி மனைகள் கண்ணாடிக் கட்டடங்களாயின. 2011இல் மாநகரின் பரப்பே 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வீட்டு வரி மட்டும் சொன்ன சொல் மாறாத அரிச்சந்திரனாக நின்றது.

அந்தக் கருணை யாரைப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தெருவைப் பொறுத்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, ஆண்டு மதிப்புப் போட்டு வரி விதிக்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டவர் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார். மாநகராட்சி 1998இன் கணக்கோடு திருப்தியடைந்தது. எத்தனை வீடு வைத்திருந்தாரோ அத்தனை மடங்கு சலுகை அவருக்கு. வீடே இல்லாதவருக்கு அதில் பங்கில்லை. அவர் வாடகை உயர்வைக் கட்டிக்கொண்டிருந்தார்.

குடிநீர் வாரியத்தையும் இந்தத் தயவு விட்டுவைக்கவில்லை. குடிநீர், கழிவுநீர் வரியாக வாரியம் வாங்குவது அதே ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். மதிப்பு உறைந்தால் அந்த வரியும் உறையும். வீட்டு வரியில் மிச்சம் பிடித்தவரால் தனியார் லாரித் தண்ணீர் வாங்க முடிந்தது. மிச்சம் பிடிக்க எதுவும் இல்லாதவர் தெருவில் குடத்தோடு வரிசையில் நின்றார்.

வாக்காளர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்ட நாகரிகத்தைத் தனியாகவே பாராட்ட வேண்டும். 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுக்கும் மேலாக, 'என் வார்டு வரிப்பணம் எங்கே போனது' என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒருவர்கூட இல்லாதபடி அதிகாரிகளைக் கொண்டே நகரை நடத்தினார்கள். அந்த அமைதியான காலத்தில்தான் 2018இன் வரி உயர்வு வந்தது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்ததும் 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. வாக்குகளை எண்ணி, மேயரையும் உட்காரவைத்து, ஏப்ரல் பிறக்கும்வரை காத்திருந்து உயர்வை அறிவித்தார்கள். பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றி மக்களை அடிக்கடி தொந்தரவு செய்யாமல், சேர்த்துவைத்து ஒரே நாளில் இறக்கிவிட்டார்கள். சிறு வீட்டில் ஓய்வூதியத்தை நம்பி இருக்கும் பெரியவருக்கும் அதே ஏப்ரல்தான்.

குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு எரிவதும் பெருமளவு இந்த வரியை நம்பித்தான். கேட்டு வாங்காத பணத்திலும் நகரைக் கூட்டிப் பெருக்கும் வழியைக் கண்டுபிடித்தது அவர்களின் நிர்வாகத் திறமை: நிரந்தர வேலை வேண்டாம், ஒப்பந்தம் போதும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தனியாருக்குப் பணியைக் கொடுத்தபோது, தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்டார்கள். பதின்மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நள்ளிரவில் போலீஸை விட்டு அவர்களை அப்புறப்படுத்தினார்கள்.