வெப்பமண்டலச் சூழலில் மேப்பிள் விதை: ஒரு பன்முக நோக்கு

மேப்பிள் மரத்தைச் சென்னையில் விதையிட்டு வளர்ப்பது குறித்துத் தமிழில் விரிவான ஆய்வைக் காணோம். அது இங்கே வளராது, அதுவே காரணம் என்பர் சிலர். இவ்வாதம் ஆய்வுலகுக்கு ஏற்புடையதன்று. இல்லாத பொருளில் விளைந்த முனைவர் பட்டங்கள் ஏராளம்.

விதைகள் மூவகைப்படும். முதலாவது, சிவப்பு மேப்பிள். வசந்தத்தில் உதிர்ந்த கையோடு முளைத்துவிடும். சிக்கல் இல்லாததால் ஆய்வுக்கு உதவாது. இரண்டாவது, இணையத்தில் விற்கும் நீலநிற மேப்பிள். இது புகைப்பட மென்பொருளில் மட்டுமே காய்ப்பது. மூன்றாவது, ஜப்பானிய மேப்பிளும் சர்க்கரை மேப்பிளும். இறக்கை வைத்த இவ்விதைகள் ஒரு பனிக்காலத்தைக் கடந்தால்தான் கண் திறக்கும். சென்னையின் மார்கழி இரவோ 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்குவது. எனவே விதையை ஈரத் தேங்காய் நார்த்தூளில் பொதிந்து, ஃப்ரிட்ஜில் சுமார் 4 டிகிரியில் மூன்று மாதம் வைக்க வேண்டும்.

எந்தத் தட்டில் என்பதே இவ்வாய்வின் மையச் சிக்கல். மேல்தட்டு இட்லி மாவின் பரம்பரைச் சொத்து (அம்மா, வாய்மொழி). நடுத்தட்டு நேற்றைய சாம்பாருக்குரியது (அம்மா, மேலது, சற்று உரத்த பாடம்). கதவுத்தட்டில் திறந்து மூடுந்தோறும் வெப்பம் மாறும். எஞ்சுவது காய்கறிப் பெட்டி. அங்கே விதைப்பொதி கொத்தமல்லிக்கு அடியில் ஒதுங்கி, புளி எனப் பிறழ உணரப்பட்டுக் கரைக்கப்படும் வாய்ப்பு மிகுதி (காண்க: அம்மா, ‘ரசத்தில் ஏன் இறக்கை மிதக்கிறது?’, சமையலறைப் பேருரைகள், தொகுதி 3, திருத்திய பதிப்பு, எதிர்வீட்டு மாமியின் அணிந்துரையுடன்). கருத்தரங்கக் கோவையில் ஐஎஸ்பிஎன் எண்ணோடு அச்சேறிப் பதவி உயர்வு ஈட்டித் தந்த கட்டுரைகள் பலவற்றைவிட இதற்குச் சான்று வலுவானது. ரசம் இன்னும் மிச்சமிருக்கிறது.

இனி குலமரபு. மேப்பிளுக்கு ஏசரேசியே என்று தனிக்குடும்பம் இருந்தது. அறிஞர்கள் மரபணுவை ஆராய்ந்து அதைச் சபிண்டேசியே குடும்பத்தில் சேர்த்துவிட்டனர். பூந்திக்கொட்டையும் முடக்கத்தானும் அக்குடும்பத்தவை. ஆக, கனடா 1965இல் கொடியில் ஏற்றிய இலையும், மூட்டுவலிக்கு நாம் தோசை மாவில் அரைத்துவிடும் இலையும் பங்காளிகள். மேப்பிள் ஆதியில் தமிழர் மரமே என்று நிறுவ இது போதும். இதைவிட மெலிந்த சான்றுகளைக் கொண்டு கடலுக்கடியில் ஒரு கண்டத்தையே பட்டா போட்டிருக்கிறோம்.

முடிவுரை: ரசத்துக்குத் தப்பிய விதை முளைக்கக்கூடும். தொல்லை அதற்குப் பிறகுதான். இவ்வகை மேப்பிளுக்கு ஆண்டுதோறும் குளிரில் உறங்கி எழும் பருவம் வேண்டும். சித்திரை வெயிலோ இலை விளிம்பைக் கருக்கிவிடும். செடியையும் ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்ற கருதுகோள் பரிசீலனைக்கு முன்பே நிராகரிக்கப்பட்டது (அம்மா, மேலது, கரண்டியுடன்). இலை சிவந்து உதிர்வதைக் காண விழைவோர் வாசலில் நாட்டு வாதுமை நடுக. உதிருமுன் அதன் இலையும் சிவக்கும். அதன் கொட்டைக்கு ஃப்ரிட்ஜில் இடம் கேட்க வேண்டியதில்லை.